ரோமில் கட்டியது யார், பெயர் போட்டுக்கொண்டது யார்?

"ரோமப் பேரரசின் புகழ்பெற்ற பொறியாளர்கள் யார்? எந்தக் கட்டுமானத்தைப் பற்றித் தேடினாலும் ஒரு பேரரசர் பெயர்தான் வருகிறது. அவர்களுக்கே பொறியியல் தெரியுமா, இல்லை பெயரை மட்டும் போட்டுக்கொண்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் முதல் பாதிக்குப் பத்துப் பெயர்களை எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டாம் பாதியைத்தான் என்று நினைக்கிறேன். வேலையைச் செய்தது யார், பெயர் யாருக்குப் போனது, அந்தப் பெயருக்குப் பின்னால் உழைப்பு ஏதாவது இருந்ததா என்பதுதானே விஷயம்.

என் பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறேன். குடிநீர் வழங்கல் பொறியாளராக 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குழாய் பதிப்பது, மட்டம் பார்ப்பது, கசிவு பிடிப்பது, திருட்டு இணைப்பைத் துண்டிப்பது இவைதான் என் உலகம். ரோமானிய நீர்வழிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது அந்த ஆர்வத்தில்தான். வரலாறு நான் முறையாகப் படித்த பாடமல்ல. லத்தீன், கிரேக்க மூலங்களை ஆங்கில மொழிபெயர்ப்பு வழியேதான் படித்திருக்கிறேன். அதனால் தண்ணீர் வேலையைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். கோயில், மாளிகை, சிற்ப அழகு பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் படியுங்கள்.

இன்று ஒரு பெரிய திட்டம் என்றால் அதை அறிவிப்பவர் ஒருவர், பணத்தையும் ஆட்களையும் நிர்வகிப்பவர் ஒருவர், களத்தில் நின்று மட்டம் பார்ப்பவர் ஒருவர். ரோமிலும் இந்த மூன்று வேலைகளும் இருந்தன. கல்லில் பெயர் பொறிக்கும் உரிமை மட்டும் முதல் ஆளுக்குத்தான் இருந்தது. இது பேரரசர்கள் காலத்தில் தொடங்கியதுமல்ல. ரோமின் முதல் நீர்வழி கி.மு. 312-இல் வந்தது. சுமார் 16 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய முழுவதும் நிலத்தடியில். அந்த ஆண்டு சென்சர் என்ற உயர்பதவியில் இருவர் இருந்தார்கள்: அப்பியஸ் கிளாடியஸ், கையஸ் பிளாட்டியஸ். ஊற்றுகளைத் தேடிக் கண்டுபிடித்தவர் பிளாட்டியஸ். அதற்காகவே அவருக்கு 'வெனாக்ஸ்' என்று ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. நீர் நாளங்களைக் கண்டவர் என்று பொருள். தன் சகாவும் உடன் விலகுவார் என்று நம்பி 18 மாதத்தில் அவர் பதவியை விட்டார். அப்பியஸ் விலகவில்லை. ஏதேதோ சாக்குச் சொல்லிப் பதவியை நீட்டித்து, சாலையையும் நீர்வழியையும் முடித்துவிட்டார். நீர்வழிக்கு அப்பியா, சாலைக்கும் அப்பியா என்று பெயர் நிலைத்தது. சாலை இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. தண்ணீரைக் கண்டுபிடித்தவர் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இந்த விவரம் நமக்குத் தெரிவதே ஃப்ரொன்டினஸ் என்ற ஒரு நீர்த்துறை அதிகாரி எழுதிவைத்ததால்தான். அவரிடம் பிறகு வருகிறேன்.

ஆட்சியாளரா பொறியாளரா என்று பிரிக்கவே முடியாத ஒரு மனிதர் உண்டு: மார்க்கஸ் அக்ரிப்பா. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் இளமைக்கால நண்பர், பின்னாளில் மருமகன், கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரை வென்ற தளபதி. கி.மு. 37-இல் கான்சல் என்ற உச்சப் பதவியை வகித்துவிட்ட இவர், கி.மு. 33-இல் அதைவிடக் கீழான ஈடில் பதவியை ஏற்றார். நகரத்தின் தெரு, சாக்கடை, தண்ணீர் எல்லாம் அந்தப் பதவியின் கீழ் வரும். இடிந்து கிடந்த பழைய நீர்வழிகளைச் செப்பனிட்டார், ஜூலியா என்ற புது நீர்வழியைக் கட்டினார், ரோமின் பெரிய சாக்கடையைச் சுத்தம் செய்வித்து அதற்குள் படகில் போய்ப் பார்த்தார். கி.மு. 19-இல் விர்கோ நீர்வழியைத் திறந்தார். பலமுறை பழுதுபார்க்கப்பட்டு அந்த வழி இன்றும் ட்ரெவி நீரூற்றுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது வேறொன்று. நீர்வழிகளைப் பராமரிக்க என்றே 240 அடிமைகளைச் சொந்தச் செலவில் வைத்திருந்தார். அவர் இறந்தபின் அந்த ஆட்கள் அகஸ்டஸிடம் போய், அவர் வழியாக அரசுக்குச் சொந்தமானார்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். கட்டியதைப் பராமரிக்க நிரந்தர ஆட்களை ஏற்பாடு செய்கிறவர்கள் அபூர்வம். அடிமை முறையின் கொடுமை அதில் கலந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரோமின் நீர்த்துறை ஒரு துறையாக உருவானது அக்ரிப்பாவின் அந்த ஏற்பாட்டில்தான்.

சரி, அக்ரிப்பா மட்டம் பார்த்தாரா? பார்த்ததாக ஆதாரம் இல்லை. அவருக்காக வேலை செய்த ஒருவர் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது: கொக்கேயஸ். நேப்பிள்ஸ் அருகே மலைகளைக் குடைந்து அமைத்த சுரங்கப் பாதைகளை இவருடைய வேலை என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பக்கத்தில் பொட்சுவோலியில் ஒரு கோயில் கல்வெட்டில் லூசியஸ் கொக்கேயஸ் ஆக்டஸ், கட்டடக் கலைஞர் என்ற பெயர் இருக்கிறது. அந்தக் கல்வெட்டு அவர் விடுதலை பெற்ற அடிமை என்றும் காட்டுகிறது. இருவரும் ஒருவரே என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். நியாயமான ஊகம், ஆனால் ஊகம்தான்.

அக்ரிப்பாவின் பெயரால் வரும் ஒரு பெரிய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ரோமின் பாந்தியன் முகப்பில் "லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது கட்டினார்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பல காலம் எல்லோரும் அதை அப்படியே நம்பினார்கள். செங்கல்களில் இருந்த சூளை முத்திரைகளை ஆராய்ந்த பிறகுதான், இப்போது நிற்கும் கட்டடம் அக்ரிப்பாவுக்கு நூற்றைம்பது ஆண்டுகள் பிந்தியது, பேரரசர்கள் டிராஜன், ஹாட்ரியன் காலத்தது என்று தெரிந்தது. ஹாட்ரியன் தன் பெயரைப் போடாமல் பழைய பெயரையே வைத்திருக்கிறார். 43.3 மீட்டர் விட்டம் கொண்ட அந்தக் குவிமாடம், கம்பி கட்டாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றும் உலகத்திலேயே பெரியது. கீழே கனமான செங்கல் ஜல்லி, மேலே போகப் போக இலேசான எரிமலைக் கல் என்று கலவையை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதை வடிவமைத்தவர் பெயர் எந்த மூலத்திலும் இல்லை. டிராஜனின் பொறியாளரான டமாஸ்கஸ் அப்போலோடோரஸ்தான் என்று பல இடங்களில் அடித்து எழுதுவார்கள். அது பொருத்தமான ஊகம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

பெயர் தெரிந்த ரோமானியப் பொறியாளர் என்றால் பெரும்பாலோர் முதலில் சொல்வது விட்ருவியஸை. அகஸ்டஸுக்குச் சமர்ப்பித்து, கட்டடக் கலை பற்றிப் பத்துப் பகுதிகளாக எழுதினார். இவர் ராணுவத்தில் கல்லெறி பொறிகளைச் செய்து, பழுதுபார்த்து வாழ்ந்தவர். தான் கட்டியதாக அவரே சொல்லும் கட்டடம் ஒன்றே ஒன்று, ஃபானோ நகரத்தின் பொதுமண்டபம். அதுவும் இப்போது இல்லை. ஆகவே கட்டியவர் என்பதைவிட எழுதிவைத்தவர் என்றே இவரை மதிக்கிறேன். எழுதியதில் எத்தனை நல்ல விஷயம்! நேப்பிள்ஸ் அருகே வெசூவியஸ், பாயே பகுதியில் கிடைக்கும் எரிமலை மண்ணைச் சுண்ணாம்போடு கலந்தால் கடல்நீருக்கு அடியிலும் இறுகும் என்கிறார். ஈயக் குழாயைவிட மண் குழாய்த் தண்ணீர் உடம்புக்கு நல்லது, ஈயம் உருக்கும் தொழிலாளிகளின் வெளிறிய நிறத்தைப் பாருங்கள் என்கிறார். மட்டம் பார்க்க 20 அடி நீள மேசை போன்ற கருவியை விவரிக்கிறார். அதில் தூக்குக்குண்டுகள் தொங்கும். காற்று அடித்து நூல் ஆடினால் மேலே வெட்டியிருக்கும் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கலாம். நம் கொத்தனார் ட்யூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான்.

அவர் எழுதியதில் சந்தேகமான இடமும் உண்டு. நீர்வழிக்கு எவ்வளவு வாட்டம், அதாவது சரிவு, கொடுக்க வேண்டும் என்பதில் சுவடிகள் 100 அடிக்கு அரை அடி என்கின்றன. அது மிக அதிகம். முதல் நூற்றாண்டு எழுத்தாளரான மூத்த பிளினி சொல்வதோ 100 அடிக்குக் கால் அங்குலம். அதனால் பதிப்பாசிரியர்கள் விட்ருவியஸின் பாடத்தையே திருத்தியிருக்கிறார்கள். களத்தில் இருப்பதைப் பார்ப்போம். தெற்கு பிரான்ஸில் நீம் நகரத்துக்குப் போன நீர்வழி 50 கிலோமீட்டர் நீளம். மொத்த இறக்கம் சுமார் 12.6 மீட்டர்தான் என்பது பரவலாகத் தரப்படும் கணக்கு. கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர். இந்த வாட்டத்தில் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் தேங்காமல் ஓடவைக்க வேண்டும் என்றால் நவீன கருவி வைத்திருக்கும் எனக்கே கை நடுங்கும். அந்த வழியில்தான் 49 மீட்டர் உயர போன் டு கார் பாலம் நிற்கிறது. அதையும் அக்ரிப்பா கட்டியதாகவே நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். பிந்தைய அகழாய்வுகள் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு அதைத் தள்ளியிருக்கின்றன. மட்டம் பார்த்தவர் பெயர் அங்கேயும் இல்லை.

இப்போது ஃப்ரொன்டினஸ். பிரிட்டனின் ஆளுநராக இருந்தவர், தளபதி, மூன்று முறை கான்சல். கி.பி. 97-இல் பேரரசர் நெர்வா அவரை ரோமின் நீர்வழிக் கண்காணிப்பாளராக நியமித்தார். பொறியாளராகப் பயின்றவர் இல்லை. ஆனால் பதவியேற்றதும் அவர் எடுத்த முடிவு, நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுப்பில் இருப்பவன் எல்லாவற்றுக்கும் கீழே உள்ளவர்களின் வாயைப் பார்த்து நிற்பதைப் போல மரியாதைக்குறைவு வேறில்லை, எனவே முதலில் நானே கற்றுக்கொள்வேன் என்கிறார். தன் சொந்த வழிகாட்டுதலுக்காகவே நூலை எழுதத் தொடங்கியதாகவும் சொல்கிறார். ஒன்பது நீர்வழிகளையும் சுற்றிப் பார்த்தார். எங்கே பள்ளத்தாக்கைக் கடக்கிறது, எங்கே ஆற்றைக் கடக்கிறது, எங்கே மலைச்சரிவில் அடிக்கடி பழுது வரும் என்று காட்டும் வரைபடங்களைத் தயாரிக்கச் செய்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே களத்தில் நிற்பதுபோல முடிவெடுக்க அவை உதவும் என்பது அவர் கணக்கு.

அப்புறம் பதிவேட்டைத் திறந்தார். அதன்படி ரோமுக்குள் வரும் தண்ணீர் 12,755 குவினாரியா (குழாய் அளவை வைத்துச் சொல்லும் அக்கால நீர் அளவு). விநியோகமானதாக எழுதியிருந்ததோ 14,018. வந்ததைவிடப் போனது 1,263 அதிகம்! இது எப்படி என்று ஊற்றுவாய்களுக்கே போய் அளந்தார். உள்ளே வரும் தண்ணீர் ஏட்டில் இருப்பதைவிட எவ்வளவோ அதிகம் என்று தெரிந்தது. அந்த மீதியெல்லாம் வழியில் களவு போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் ஓரத்து நிலக்காரர்கள் துளை போட்டிருந்தார்கள். நகரத்துக்குள் தெருவுக்கடியில் ஓடும் குழாய்களைக் குத்தி, கடைகளுக்கு ரகசிய இணைப்பு கொடுப்பதற்கென்றே நீர்ப் பணியாளர்களில் ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கள்ளக் குழாய்களைப் பிடுங்கியதிலேயே கணிசமான ஈயம் கிடைத்தது என்று எழுதுகிறார். ஓர் இணைப்பு புது ஆளுக்கு மாறும்போது தொட்டியில் புதிதாக ஓட்டை போட்டுவிட்டு, பழைய ஓட்டையை அடைக்காமல் விட்டு அந்தத் தண்ணீரையும் விற்றிருக்கிறார்கள். இந்தப் பகுதியை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்தேன். 1,900 ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வு அறிக்கை, நான் எழுதிய அறிக்கைகளில் ஒன்றைப் போலவே இருந்தது. இணைப்பின் தொடக்கத்தில் பொருத்தும் முனைக்குழாய் ஈயத்தில் அல்லாமல் வெண்கலத்தில் இருக்க வேண்டும், முத்திரை குத்தியிருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் சொல்கிறார்: வெண்கலத்தைச் சுலபமாக விரிக்க முடியாது.

அவருடைய கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதையும் சொல்ல வேண்டும். குவினாரியா என்பது ஒன்றேகால் விரல் விட்டமுள்ள குழாயின் அளவு. குழாய்வாயின் பரப்பைத்தான் அது அளக்கிறது, தண்ணீரின் வேகத்தை அளக்கவில்லை. வேகமாக வரும் தண்ணீர் அளவைவிடக் கூடுதலாகக் கொடுக்கும், மெதுவாக வருவது குறைவாகக் கொடுக்கும் என்பதை அவர் கவனித்திருக்கிறார். ஆனால் அதைக் கணக்கில் கொண்டுவரும் வழி அவரிடம் இல்லை. அதனால் ரோமுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கோடி லிட்டர் வந்தது என்று எங்காவது துல்லியமான எண்ணைப் பார்த்தால் அப்படியே நம்பாதீர்கள். குவினாரியாவை லிட்டராக மாற்றுவதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. பதிவேட்டுக்கும் அளவீட்டுக்கும் இடையே இருந்த வித்தியாசத்திலும் ஒரு பங்கு திருட்டு, ஒரு பங்கு இந்த அளவு முறையின் கோளாறு என்றே என் அனுபவம் சொல்கிறது.

அவர் காலத்தில் அக்ரிப்பா விட்டுச்சென்ற 240 பேரோடு, பேரரசர் கிளாடியஸ் சேர்த்த 460 பேரும் இருந்தார்கள். ஆக 700 பேர். அந்த கிளாடியஸ் பேரரசர்களிலேயே பெரிய வேலைகளில் கை வைத்தவர். ஃபுசினோ ஏரியை வடிக்க மலைக்கு அடியில் சுமார் 5.6 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டினார். 30,000 பேர், 11 ஆண்டுகள் என்று வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். கி.பி. 52-இல் ஏரியில் கப்பற்போர்க் காட்சியெல்லாம் நடத்தி மதகைத் திறந்தார்கள். வாய்க்காலின் அடிமட்டம் ஏரியின் ஆழத்துக்கு இறங்கவில்லை. மறுபடி ஆழப்படுத்தி, மறுபடி விழா. இம்முறை தண்ணீர் பாய்ந்த வேகத்தில் பக்கத்தில் இருந்ததெல்லாம் அடித்துக்கொண்டு போய், விருந்துக்கு வந்தவர்கள் அலறினார்கள். வேலைக்குப் பொறுப்பாக இருந்த நார்சிஸஸ் பணத்தைச் சாப்பிட்டுவிட்டதாக அரசி அக்ரிப்பினா குற்றம் சாட்டினார். சண்டை போட்ட இருவர் பெயரும் வரலாற்றில் இருக்கின்றன. சுரங்கம் வெட்டியவர் பெயர் இல்லை. நீரோவுக்குப் பொன் மாளிகை கட்டிய செவெரஸ், செலெர் என்ற இருவர் பெயரை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறித்திருக்கிறார். டொமீஷியனின் அரண்மனையைக் கட்டியவர் ரபீரியஸ். மாளிகை வேலைகளில் எனக்குச் சொல்ல அதிகமில்லை, ஆகவே இவர்களைக் கடந்துவிடுகிறேன்.

பேரரசருக்குப் பொறியியல் தெரியுமா என்ற உங்கள் கேள்விக்கு நேரடி ஆதாரம் டிராஜனிடம் இருக்கிறது, அதுவும் கடித வடிவில். கி.பி. 110-ஐ ஒட்டி இளைய பிளினி இன்றைய துருக்கியில் உள்ள பித்தினியா மாகாணத்துக்கு ஆளுநராகப் போனார். போன இடமெல்லாம் பாதியில் நின்ற வேலைகள். நிக்கோமீடியாவில் ஒரு நீர்வழிக்கு 33,18,000 செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) செலவழித்துக் கைவிட்டிருந்தார்கள். அடுத்த முயற்சியில் இன்னொரு 2,00,000 போனது. தண்ணீர் மட்டும் வரவில்லை. நைசியாவில் ஒரு கோடிக்கு மேல் விழுங்கிய அரங்கம் மண்ணில் இறங்கி விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. நிலம் ஈரமான இளகிய நிலமா, கல்லே சொத்தையா என்று தெரியவில்லை என்று பிளினி எழுதுகிறார். ஒவ்வொரு முறையும் ரோமிலிருந்து ஒரு நிபுணரை அனுப்பும்படி கேட்கிறார்.

டிராஜனின் பதில்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. நிக்கோமீடியாவுக்குத் தண்ணீர் வரட்டும், ஆனால் இவ்வளவு பணம் யார் தவறால் வீணானது என்று கண்டுபிடி என்கிறார். கட்டடக் கலைஞர் இல்லாத மாகாணமே கிடையாது, ரோமிலிருந்து அனுப்புவதுதான் விரைவு என்று நினைக்காதே, எங்களுக்கே அவர்கள் கிரேக்க நாட்டிலிருந்துதானே வருகிறார்கள் என்கிறார். நிக்கோமீடியா அருகே ஓர் ஏரியைக் கடலோடு கால்வாயால் இணைக்கலாம் என்று பிளினி யோசனை சொன்னபோது, ஏரி முழுவதும் கடலில் வடிந்துவிடாதா என்றுதான் முதலில் கேட்கிறார். எவ்வளவு தண்ணீர் வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று பார், மட்டம் பார்க்கத் தெரிந்தவரைப் பக்கத்து ஆளுநரிடம் கேட்டு வாங்கிக்கொள் என்கிறார். இந்தக் கடிதங்களைப் பேரரசரின் செயலர்களே எழுதியிருக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. ஒதுக்கிவிட முடியாத வாதம்தான். ஆனாலும் அந்த அலுவலகத்தில் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவர் இருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆட்சியாளருக்குத் தேவையான பொறியியல் அந்த அளவுதான். மட்டக்கருவியை அவரே தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

அந்த டிராஜனுக்கு வாய்த்த பொறியாளர்தான் சிரியாவைச் சேர்ந்த டமாஸ்கஸ் அப்போலோடோரஸ். கி.பி. 103 முதல் 105 வரை டான்யூப் ஆற்றின் குறுக்கே 20 கல் தூண்கள் நிறுத்தி, மேலே மர வளைவுகள் போட்டு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலத்தைக் கட்டினார். இன்றைய ருமேனியாவுக்கும் செர்பியாவுக்கும் நடுவே இருந்த பாலம் அது. ஆழமான, இழுப்புள்ள, சேறு படிந்த ஆற்றுக்குள் அடித்தளம் போட்டதை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. ரோமில் டிராஜனின் பெருமன்றமும் இவருடைய வேலை என்பதற்குப் பழைய ஆதாரம் இருக்கிறது. இவ்வளவும் உறுதி. இவருடைய சாவு பற்றிய கதைதான் உறுதியில்லாதது. இளைஞராக இருந்த ஹாட்ரியன் குறுக்கே பேசியபோது "போய் உன் பூசணிக்காயை வரை" என்று அப்போலோடோரஸ் துரத்தினாராம். பின்னாளில் பேரரசரான ஹாட்ரியன் தன் கோயில் வரைபடத்தைக் காட்டியபோது, உள்ளே உட்கார்ந்திருக்கும் தெய்வங்கள் எழுந்தால் கூரை இடிக்கும் என்றாராம். அதற்காக அவரைக் கொன்றுவிட்டார்கள் என்பது கதை. இதை எழுதிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ ஒரு நூற்றாண்டு பிந்தியவர், ஹாட்ரியனைப் பற்றிக் கெட்ட கதைகளைச் சேர்த்தவர். பல அறிஞர்கள் இதை நம்புவதில்லை. நானும் நம்பவில்லை. பூசணிக்காய் என்றது ஹாட்ரியனுக்குப் பிடித்த குவிமாட வடிவத்தை என்று ஒரு விளக்கம் உண்டு, அதை மட்டும் ஏற்கத் தோன்றுகிறது.

கல்லில் தன் பெயரைத் தானே பொறித்துக்கொண்ட பொறியாளர்களும் சிலர் உண்டு. ஸ்பெயினில் டேகஸ் ஆற்றின் மேல் உள்ள அல்காண்டரா பாலத்தைக் கி.பி. 106 வாக்கில் கட்டிய கையஸ் ஜூலியஸ் லாசெர், பக்கத்தில் ஒரு சிறு கோயில் எழுப்பி, உலகம் உள்ளவரை நிற்கும் பாலத்தைக் கட்டியிருக்கிறேன் என்று எழுதிவைத்தார். போர்களில் சில வளைவுகள் உடைபட்டுத் திரும்பக் கட்டப்பட்டாலும் பாலம் இன்றும் நிற்கிறது.

ஆனால் உங்களுக்கு ஒருவரை மட்டும் சொல்ல வேண்டுமானால் நான் நோனியஸ் டேட்டஸைச் சொல்வேன். மூன்றாம் அகஸ்டா படையணியில் 'லிப்ராட்டர்', அதாவது மட்டம் பார்ப்பவர். இன்றைய அல்ஜீரியாவின் கடற்கரை நகரமான சால்டேவுக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு மலையைக் குடைய வேண்டியிருந்தது. அவர்தான் மட்டம் எடுத்து, வழியைக் குறித்து, வரைபடத்தை அப்போதைய நிர்வாகியிடம் கொடுத்துவிட்டு முகாமுக்குத் திரும்பினார். ஆண்டுகள் கழிந்தன. கி.பி. 150-ஐ ஒட்டி, அப்போது ஓய்வு பெற்றிருந்த டேட்டஸை உடனே அனுப்பும்படி சால்டேவிலிருந்து கடிதம் வந்தது. போகும் வழியில் கொள்ளையர்கள் தாக்கினார்கள். உடைமையெல்லாம் பறிபோய், காயத்தோடு கூட்டாளிகளோடு தப்பி ஊர் சேர்ந்தார். நிர்வாகி வேரியஸ் கிளெமென்ஸ் அவரை மலைக்குக் கூட்டிப் போனார். அங்கே எல்லோரும் அழாத குறையாக நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமிருந்தும் குடைந்த நீளத்தைக் கூட்டினால் மலையின் அகலத்தையே தாண்டிவிட்டது. ஆனால் சுரங்கங்கள் சந்திக்கவில்லை.

டேட்டஸ் பார்த்தார். மேல்முனை ஆட்கள் தங்களுக்கு வலப்பக்கம் தெற்கே விலகிப் போயிருந்தார்கள். கீழ்முனை ஆட்களும் தங்களுக்கு வலப்பக்கம், அதாவது வடக்கே. எதிரெதிராக வருகிறவர்கள் இருவரும் அவரவர் வலப்பக்கம் சாய்ந்தால் விலகல் இரட்டிப்பாகும். மலைமேல் அவர் கிழக்கு மேற்காக முளையடித்துக் குறித்திருந்த நேர்கோட்டை யாரும் உள்ளே பின்பற்றவில்லை. எனக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இரண்டு முனையிலிருந்தும் பள்ளம் தோண்டி வந்தோம். சேரும் இடத்தில் முக்கால் அடி மட்டம் உதைத்தது. ஒரு பக்கத்து ஆட்கள் வேறொரு பெஞ்ச் மார்க்கை (மட்டத்தை ஒப்பிடும் நிலையான குறியை) எடுத்திருந்தார்கள். திறந்த பள்ளம் என்பதால் மூன்று நாளில் சரிசெய்துவிட்டோம். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இது 400 மீட்டருக்கு மேல் நீளமான, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உளியால் வெட்டிய சுரங்கம். அவர் யாரையும் திட்டியதாக எழுதவில்லை. யார் எங்கே, எவ்வளவு வெட்ட வேண்டும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். கடற்படை வீரர்களையும் துணைப்படை வீரர்களையும் இரு பக்கமும் நிறுத்திப் போட்டி வைத்தார். மலைக்கு நடுவில் இரு அணிகளும் சந்தித்தன.

இவ்வளவும் அவரே கல்லில் எழுதிவைத்தது. படையணியின் ஊரான லாம்பேசிஸில் கிடைத்த அந்தக் கல்லில் மூன்று பெண் முகங்களும் அவற்றின் பெயர்களும் இருக்கின்றன: பொறுமை, ஆற்றல், நம்பிக்கை. தனக்கு வந்த அதிகாரபூர்வக் கடிதங்களையும் வார்த்தை மாறாமல் பொறித்திருக்கிறார், இந்த நீர்வழியில் தன் உழைப்பு தெளிவாகத் தெரியட்டும் என்று. கடைசியில் தண்ணீர் ஓடியது என்று எழுதிவிட்டு, அதைத் திறந்துவைத்தவர் நிர்வாகி வேரியஸ் கிளெமென்ஸ் என்பதையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்.